சர்வாதிகாரத்தில் தொழிலாளிக்கு என்ன லாபம்?

சென்ற வாரம் பேரையூரில் ஒரு டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த ஒரு கொத்தனார் தோழர் என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க என்ன வேணும்னாலும் பேசுங்க. இந்த நாட்டுல ஆளாளுக்கு நாட்டாமை பண்றான். ஒத்த ஆளு கையில சாட்டையக் குடுத்து, 'ஒன்னைய எவனும் கேக்க மாட்டான், நீ அடி'ன்னு விட்டாத்தான் உருப்படும்" என்று சொன்னார். கூட இருந்த சித்தாட்களும், லாரி ஓட்டுகின்றவர் ஒருவரும், டீ ஆற்றிக்கொண்டிருந்தவரும் "சரியாச் சொன்னீக" என்று தலையை ஆட்டினார்கள். மறுத்துப் பேச ஓர் ஆளில்லை.

இந்த அபிப்பிராயம் பேரையூர்க் கொத்தனாருக்கு மாத்திரம் உள்ளதல்ல. 2017-ல் அமெரிக்காவிலுள்ள பியூ ஆராய்ச்சி நிலையத்தார் இந்தியாவில் விசாரித்தபொழுது, பார்லிமெண்டும் கோர்ட்டும் குறுக்கே வராமல் ஒரு பலமான தலைவர் தாமே எல்லாவற்றையும் முடிவு செய்கின்ற ஆட்சி நல்லது என்று நூற்றுக்கு 55 பேர் சொல்லியிருக்கின்றார்கள். படித்த கூட்டத்தார் இதைக் கேட்டால், "பாமர ஜனங்களுக்கு ஜனநாயகத்தின் அருமை தெரியவில்லை" என்று ஒரு பெருமூச்சு விடுவார்கள். ஆனால் சர்வாதிகாரத்துக்கு வேண்டிய வாதங்களையெல்லாம் முதலில் எழுதிக் கொடுக்கின்றவர்கள் அந்தப் படித்த கூட்டத்தார்தான் என்பது வேறு சங்கதி. நாம் அப்படிப் பெருமூச்சு விடத் தயாராக இல்லை. கொத்தனார் அப்படிப் பேசுவதற்குத் தக்க காரணம் இருக்கின்றது.

அந்தத் தோழர் தம் மகள் கல்யாணத்துக்குச் சேரவேண்டிய உதவிப் பணத்துக்காக ஓர் ஆபீசுக்கு ஏழு தடவை நடந்திருக்கின்றார். ஏழு தடவையென்றால் ஏழு நாட் கூலி நஷ்டம். ஒரு நாள் "ஆள் இல்லை", ஒரு நாள் "சர்வர் இல்லை", ஒரு நாள் "இந்த ஜெராக்ஸ் தெளிவாக இல்லை." என் தகப்பனார் இறந்தபின் வாரிசுச் சான்றுக்காக நானே பதினொரு தடவை ஓர் ஆபீசு வாசலில் நின்றவன், ஆகவே அவர் சொல்வது எனக்கு விளங்குகின்றது. ஓர் ஏழைத் தொழிலாளி காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரையில் இருபது சின்னச் சர்வாதிகாரிகளைக் கும்பிட்டாக வேண்டியிருக்கின்றது. மேஸ்திரி ஒரு சர்வாதிகாரி. கந்து வட்டிக்காரன் ஒரு சர்வாதிகாரி. மனுவை வாங்குகின்ற குமாஸ்தா ஒரு சர்வாதிகாரி. ஸ்டேஷன் வாசலில் நிற்கின்ற போலீசுக்காரன் ஒரு சர்வாதிகாரி. இந்த இருபது பேரையும் ஒரே அடியாக அடிக்க ஒரு பெரிய சர்வாதிகாரி வரமாட்டானா என்று அவர் ஏங்குவதில் என்ன அதிசயம் இருக்கின்றது?

ஆனால் நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். அந்தப் பெரிய சர்வாதிகாரி ஆபீசுக்கு நேரில் வந்து மனுவை வாங்குவானா? அவன் டில்லியிலோ சென்னையிலோ இருந்துகொண்டு, தன் அதிகாரத்தை அதே குமாஸ்தா மூலமாகவும், அதே போலீசுக்காரன் மூலமாகவும்தானே செலுத்தப் போகின்றான்? இன்றைக்குக் குமாஸ்தாவுக்கு, மேலே புகார் போய்விடுமோ, பத்திரிகையில் வந்துவிடுமோ, கோர்ட்டில் ரிட் போட்டுவிடுவானோ என்று ஒரு துளியாவது பயம் இருக்கின்றது. "மேலிடத்தை யாரும் கேட்கக் கூடாது" என்று ஆனபின் "மேலிடத்து ஆளையும் யாரும் கேட்கக் கூடாது" என்று ஆகுமா, ஆகாதா? இருபது சின்னச் சர்வாதிகாரிகளை ஒழிப்பதற்குப் பதிலாக, இருபது பேருக்கும் ஒரு பெரிய முதுகெலும்பைத் தைத்துக் கொடுத்ததாகத்தான் முடியும்.

இது வெறும் தர்க்கமல்ல. நம் பக்கத்திலேயே நடந்து பார்த்தது. பேரையூரிலிருந்து சேடப்பட்டிப் பக்கம் போனால் பெருங்காமநல்லூர் இருக்கின்றது. அந்த ஊரில் 1920ஆம் வருஷம் ஏப்ரல் 3ந் தேதி என்ன நடந்தது என்பது நம் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத்தான் தெரியாமல் போய்க்கொண்டிருக்கின்றது.

வெள்ளைக்கார சர்க்கார் 1911-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைத் திருத்திப் போட்டது. அந்தச் சட்டப்படி, எந்த ஜாதியாரையும் கூட்டத்தாரையும் "இவர்கள் பிறவிக் குற்றவாளிகள்" என்று ஓர் அறிவிக்கையால் மாகாண சர்க்கார் சொல்லிவிடலாம். சாட்சி வேண்டாம். விசாரணை வேண்டாம். ஒருவன் திருடினானா என்ற கேள்வியே வேண்டாம். அப்படி அறிவிக்கப்பட்டவர்கள் விரல் ரேகை பதியவேண்டும். இராத்திரியில் கச்சேரியிலோ சாவடியிலோ ஆஜர் கொடுக்க வேண்டும். வெளியூருக்குப் போவதானால் ராதாரிச் சீட்டு வாங்கிக்கொண்டு போகவேண்டும். கல்யாணமானவன் முதல் ராத்திரியில்கூடக் கச்சேரியில் படுத்துக் கிடந்த கதைகளை இந்தப் பக்கத்துக் கிழவிகள் சொல்லிக் கேட்டிருக்கின்றோம்.

இவற்றையெல்லாவற்றையும்விடக் கொடிய வரி ஒன்று அந்தச் சட்டத்தில் இருந்தது. அந்த அறிவிக்கை செல்லுமா, செல்லாதா என்று எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாது என்பதே அது. கொத்தனார் தோழர் கேட்ட சட்டம் இதுதான்! "ஒன்னைய எவனும் கேக்க மாட்டான், நீ அடி" என்பதைத்தான் வெள்ளைக்காரன் இங்கிலீஷில் எழுதி வைத்திருந்தான்.

அடி யார் முதுகில் விழுந்தது? ஜமீன்தார் முதுகிலா? மில் முதலாளி முதுகிலா? மானாவாரிப் புஞ்சையை நம்பியும், காவல் கூலியை நம்பியும் பிழைத்த பிரமலைக் கள்ளர் முதுகில் விழுந்தது. பெருங்காமநல்லூரார் ரேகை வைக்க மாட்டோம் என்றார்கள். போலீசார் சுட்டார்கள். 16 பேர் செத்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். கோர்ட்டுக்குப் போக வழியில்லை. சட்டமே வாசலை அடைத்து வைத்திருந்தது. மதுரையிலிருந்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் போன்ற இரண்டொருவர் அவர்களுக்காக வாதாடினார்கள். அந்த நன்றிக்காகவே இந்தப் பக்கத்து ஜனங்கள் அவரை "ரோசாப்பூ துரை" என்று அழைத்தார்கள். அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் எடுபட்டது 1947-ல். சுட்டது ஒரு நாள். அதை நீக்க ஆனது இருபத்தேழு வருஷம்.

நிற்க. "அது வெள்ளைக்காரன் காலம், நம் ஆள் கையில் அதிகாரம் இருந்தால் அப்படியா செய்வான்?" என்று கேட்கலாம். நம் ஆள் என்ன செய்தார் என்பதையும் பார்த்துவிடுவோம்.

1975 ஜூன் 25ந் தேதி ராத்திரி பிரதம மந்திரி இந்திரா காந்தி அம்மையார் அவசர நிலை கொண்டுவந்தார். அதே வருஷம் ஆகஸ்டு மாதத்துக்குள் அரசியல் சட்டத்துக்கு இரண்டு திருத்தங்கள் செய்யப்பட்டன. 38வது திருத்தம், அவசர நிலைப் பிரகடனத்தை எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாது என்றது. 39வது திருத்தம், பிரதம மந்திரியின் தேர்தல் செல்லுமா என்று கோர்ட்டு விசாரிக்கக் கூடாது என்றது. "எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாது" என்ற பெருங்காமநல்லூர் வரி 55 வருஷங்கழித்து டில்லிக்குக் குடிபோய்விட்டது பாருங்கள். 1976 ஏப்ரல் 28ந் தேதி சுப்ரீம் கோர்ட்டே, விசாரணையில்லாமல் ஜெயிலில் போட்டவன் உயிர்ப் பாதுகாப்பைக் கேட்டுக் கோர்ட்டுக்கு வர உரிமையில்லை என்று தீர்ப்புச் சொல்லிற்று. ஐந்து ஜட்ஜுகளில் எச். ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்து எழுதினார். அதற்குக் கூலியாக அவருக்கு வரவேண்டிய பிரதம நீதிபதி உத்தியோகம் போயிற்று.

நம் வயதான தொழிலாளத் தோழர்களில் அனேகர் இன்றைக்கும், "அந்தக் காலத்தில் ரயில் நேரத்துக்கு வந்ததே, ஆபீசில் ஆள் இருந்தானே" என்பார்கள். வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்த ரயிலை ஓட்டியவன் கதை என்ன? அதற்கு முந்திய வருஷம், 1974 மே 8ந் தேதி முதல் 27ந் தேதி வரை, ரயில்வேத் தொழிலாளிகள் வேலை நிறுத்தம் செய்து, ஆயிரக்கணக்கில் ஜெயிலுக்குப் போய், வேலை இழந்து, குவார்ட்டர்சிலிருந்து துரத்தப்பட்டு, அடங்கிப் போனார்கள். வண்டி நேரத்துக்கு வந்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர், ஓட்டியவன் வாயில் துணி அடைக்கப்பட்டிருந்ததைப் பார்க்கவில்லை.

போனசு சங்கதி அதைவிட விளக்கமானது. 1975 செப்டம்பரில் ஓர் அவசரச் சட்டம் வந்தது. குறைந்தபட்ச போனசு நூற்றுக்கு 8.33 என்று இருந்ததை நூற்றுக்கு 4 என்று குறைத்தார்கள். வருஷத்தில் 3,600 ரூபாய் சம்பளம் வாங்கிய ஒரு மில் தொழிலாளிக்குத் தீபாவளிக்கு வரவேண்டியது 300 ரூபாய். புதுக் கணக்குப்படி 144 ரூபாய். பாக்கி 156 ரூபாய் யார் வீட்டுக்குப் போயிற்று? தொழிலாளி வீட்டுக்கு இல்லையென்பது மாத்திரம் நிச்சயம். மதுரை மில் வாசலில் நின்று "இது என்ன நியாயம்?" என்று கேட்கவும் முடியாது; கேட்டால் மிசா. கேவலம் என்னவென்றால், தொழிலாளர் கட்சி என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியாரும் அப்போது அவசர நிலையை ஆதரித்தார்கள். பிற்பாடு அது தப்பு என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். பிற்பாடு ஒப்புக்கொண்டால் 156 ரூபாய் வருமா?

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லவேண்டும். 1977 தேர்தலில் வடநாட்டு ஏழைகள் அந்த ஆட்சியைத் தூக்கி எறிந்தார்கள். உத்தரப் பிரதேசத்தில் 85-ல் ஒன்றுகூட, பீகாரில் 54-ல் ஒன்றுகூடக் காங்கிரசுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் பகுத்தறிவு வளர்ந்த நாடு என்று நாம் மார்தட்டிக்கொள்ளும் தமிழ்நாட்டிலோ 39-ல் 34 இடம் காங்கிரசும் அதன் கூட்டாளிகளும் பெற்றார்கள். ஏன்? வடக்கே கட்டாயக் கருத்தடைக்கு ஏழைகளை இழுத்துக்கொண்டு போனார்கள். 1976-77 ஒரு வருஷத்தில் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை செய்யப்பட்டது. அதில் கட்டாயத்தின் கொடுமை வடக்கேதான் மிகுதி. இங்கே 1976 ஜனவரி 31ந் தேதி கலைக்கப்படும் வரையில் அவசர நிலையை ஆட்சேபித்த ஒரு மாகாண மந்திரிசபை இருந்து அடியைத் தாங்கிக்கொண்டது. மேலும் அந்த மந்திரிசபையின் பேரிலேயே ஜனங்களுக்குச் சில கசப்புகளும், எம்.ஜி.ஆர். பேரில் பெரும் மோகமும் இருந்தன. ஆகவே நமக்கு அடி விழவில்லை. விழாததால் சாட்டை நல்லதாய்த் தெரிந்தது.

அடுத்தவன் முதுகில் விழும்போது சாட்டை நல்லதாய்த் தெரிகின்ற இந்த வியாதிக்கு நானும் விலக்கல்ல. 2003 ஜூலையில் எனக்கு இருபது வயதுக்கு மேல் கொஞ்சம் இருக்கும். திருமங்கலத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். சர்க்கார் ஊழியர்களும் வாத்தியார்களும் வேலை நிறுத்தம் செய்தார்கள். முதல் மந்திரி ஜெயலலிதா அம்மையார் ஓர் அவசரச் சட்டத்தைப் போட்டு, ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரை விசாரணையின்றி வேலையிலிருந்து நீக்கினார். ராத்திரி ராத்திரியாக வீடு புகுந்து கைது செய்தார்கள். நாங்கள் மூட்டை தூக்குகின்றவர்கள் என்ன செய்தோம் தெரியுமா? கை தட்டினோம். "வாத்தியானுக்கு நல்லா வேணும், வேலை செய்யாமச் சம்பளம் வாங்குனான்ல" என்று நானே சொன்னேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகின்றேன்.

ஆகஸ்டு 6ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, சர்க்கார் ஊழியர்களுக்கு வேலை நிறுத்தம் செய்ய உரிமையே கிடையாது என்று சொல்லிவிட்டது. பெரும்பாலோர் மன்னிப்பு எழுதிக் கொடுத்துத் திரும்ப வேலைக்குப் போனார்கள். அந்த வருஷக் கடைசியில் நாங்கள் மூட்டைக்குக் கொஞ்சம் கூலி கூட்டிக் கேட்டோம். எங்களை வேலை வாங்கிய ஆள் சிரித்துக்கொண்டே, "பேனா பிடிச்சவன் லட்சம் பேரையே ஒரே ராத்திரியில வீட்டுக்கு அனுப்புனாங்கடா. நீ எம்மாத்திரம்?" என்றான். நான் தட்டிய கை என் கன்னத்திலேயே வந்து விழுந்தது. 2004 தேர்தலில் அந்த அம்மையாரின் கூட்டணி 39-லும் தோற்றபின்புதான் அந்த உத்தரவுகளில் பலவும் தளர்ந்தன. அதிகாரிகளின் மனம் இளகியல்ல, ஓட்டுப் பெட்டி திறந்ததால்.

2016 நவம்பர் 8ந் தேதி ராத்திரி எட்டு மணிக்குப் பிரதம மந்திரி டெலிவிஷனில் தோன்றி 500, 1000 ரூபாய் நோட்டுக்கள் செல்லாது என்றபோதும் இதே கூத்துத்தான். கூலிக்காரன் வேலையை விட்டு வரிசையில் நின்றான். நின்றுகொண்டே, "பணக்காரன் மாட்டிக்கிட்டான்" என்று சந்தோஷப்பட்டான். ரிசர்வு பாங்கு 2018-ல் கணக்குச் சொன்னபோது, செல்லாத நோட்டில் நூற்றுக்கு 99.3 பங்கு பத்திரமாய்ப் பாங்குக்குத் திரும்பியிருந்தது. பணக்காரன் எங்கே மாட்டினான்?

வெளிநாட்டிலும் வேறு மாதிரி நடக்கவில்லை. ஜெர்மனியில் ஹிட்லர் 1933 மே 1ந் தேதியைச் சம்பளத்தோடு கூடிய தொழிலாளர் திருநாள் என்று அறிவித்துப் பெரிய ஊர்வலம் நடத்தினான். மறுநாள் மே 2ந் தேதி தொழிற்சங்க ஆபீசுகளையெல்லாம் கைப்பற்றித் தலைவர்களைச் சிறையில் தள்ளினான். இடையில் ஒரு ராத்திரி! இலங்கையில் 1978-ல் ஜே. ஆர். ஜெயவர்த்தனா எல்லா அதிகாரத்தையும் ஜனாதிபதி பதவியில் குவித்துக்கொண்டார். 1980 ஜூலையில் கூலி உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்த சுமார் 40,000 பேர் வேலை இழந்தார்கள். அதே நாட்டில் 2019-ல் பலமான மனிதர் வேண்டும் என்று கோத்தபாய ராஜபக்சேயைத் தேர்ந்தெடுத்தார்கள். 2020 அக்டோபரில் அதிகாரத்தை இன்னும் கூட்டிக் கொடுத்தார்கள். 2021 மே மாதத்தில் அவர் ரசாயன உரம் இறக்குமதியே கூடாது என்று தடை போட்டார். உரம் இல்லாமல் நெல்லும் தேயிலையும் என்ன ஆகும் என்பதை நம் பேரையூர்க் கரிசல்காட்டுச் சம்சாரியைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பான். அங்கே சம்சாரிகள் தெருவில் நின்று சொல்லியும் அவர் காதில் ஏற ஆறு மாதம் ஆயிற்று. 2022 ஜூலையில் அவர் ஆகாய விமானம் ஏறி ஓடினார். பட்டினி கிடந்தவர்களுக்கு ஏற விமானம் இல்லை.

இதற்கெல்லாம் எதிராக ஒரு நல்ல கேள்வி இருக்கின்றது. டீக்கடையில் மறுநாள் ஒரு தாழ்த்தப்பட்ட தோழர் அதை என்னிடம் கேட்டார்: "ஊரே ஒண்ணுகூடி எங்கள அமுக்குறப்ப, மேல ஒரு பலமான கை வேண்டாமாண்ணே?" வேண்டும். சந்தேகமில்லை. நம் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊர்களில், தாழ்த்தப்பட்டவருக்கு ஒதுக்கிய பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு 1996 முதல் பத்து வருஷம் ஒருவரை உட்கார விடவில்லை. தேர்தலே நடவாது, நடந்தால் ஜெயித்தவர் உடனே ராஜிநாமா. ரேகைச் சட்டத்தில் அடிபட்ட தகப்பன்களின் பேரப்பிள்ளைகளே இதைச் செய்தார்கள் என்பதைச் சொல்ல நாக்குக் கூசினாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். கடைசியில் 2006-ல் ஜில்லா நிர்வாகம் உறுதியாய் நின்று தேர்தலை நடத்தி, ஜெயித்தவர்களை நாற்காலியில் உட்கார வைத்தது. பலமான கைதான்.

ஆனால் அந்தக் கை எதனால் அசைந்தது? ஒதுக்கீடு சட்டத்தில் எழுதியிருந்தது. பத்து வருஷமாகப் பத்திரிகைகளும், கட்சிகளும், இயக்கங்களும், "சட்டத்தில் இருக்கிறதே, ஏன் செய்யவில்லை?" என்று துளைத்துத் துளைத்துக் கேட்டன. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய கட்டாயத்தினால் அது அசைந்தது. பலமுள்ள சர்க்கார் வேறு, பதில் சொல்லாத சர்க்கார் வேறு. கேட்க ஆளில்லாத கை எப்பொழுதும் ஊரிலுள்ள பலசாலியோடுதான் கைகோர்க்கும். தாழ்த்தப்பட்டவனோடு சேர அதற்கு என்ன அவசியம்?

கேட்க ஆளிருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2023 ஏப்ரல் 21ந் தேதி சென்னைச் சட்டசபையில், தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா ஒன்று நிறைவேறியது. கொண்டு வந்தது திராவிடம் பேசுகின்ற ஆட்சிதான். அதற்காக நாம் பூசி மெழுகப் போவதில்லை, அது வெட்கக்கேடு. ஆனால் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. சங்கங்கள் எல்லாம் கிளம்பின. மூன்றே நாளில் மசோதா நிறுத்தப்பட்டது. மே 1ந் தேதி அதை வாபஸ் வாங்கியதாக முதல் மந்திரியே அறிவித்தார். இதுவே ஒத்தை ஆள் உத்தரவாக இருந்திருந்தால்?

இந்தச் சாட்டை மோகத்துக்கு அடியில் இன்னொரு பழைய நோய் கிடக்கின்றது. அநியாயம் மிஞ்சினால் ஒரு அவதாரம் வந்து எல்லாரையும் சம்ஹாரம் செய்யும் என்று சின்ன வயதிலிருந்து நமக்குச் சொல்லி வைத்திருக்கின்றார்கள். ஊர் எல்லையில் அரிவாளை ஓங்கிக்கொண்டு நிற்கின்ற கருப்பனை யாராவது கணக்குக் கேட்டதுண்டா? அந்தப் புத்திதான் அரசியலுக்கு வந்து, கட்-அவுட்டாகவும், காலில் விழுவதாகவும், "தலைவர் பார்த்துக்கொள்வார்" என்பதாகவும் நிற்கின்றது. டாக்டர் அம்பேத்கர் 1949 நவம்பர் 25ந் தேதி அரசியல் நிர்ணய சபையில், மதத்தில் பக்தி எப்படியிருந்தாலும் அரசியலில் பக்தி சர்வாதிகாரத்தில்தான் கொண்டு போய்விடும் என்று எச்சரித்தார். அவருக்கே மாலை போட்டுக் கற்பூரம் காட்டிவிட்டு அதை மறந்துவிட்டோம். நம் கழகங்களில் தலைவரிடம் கேள்வி கேட்பவன் கதி என்ன என்பதையும் அவரவர் மனதைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

கொத்தனார் தோழரிடம் நான் இவ்வளவையும் சொல்லவில்லை. ஒன்றுதான் கேட்டேன்: "உங்க ஊர்ப் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி வசூல் பண்றீகளே. அந்தப் பணத்தை ஒருத்தர் கையில குடுத்து, 'கணக்கு எவனும் கேக்கப்படாது'ன்னு விட்டுருவீகளா?"

"அதெப்படிண்ணே? போன வருஷம் மைக் செட்டுக்காரனுக்கு இருநூறு ரூவா கூடுதலா எழுதிட்டான்னு விடிய விடிய கூட்டம் போட்டோம்ல" என்றார்.

பிறகு சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "சரிண்ணே, அதெல்லாம் இருக்கட்டும். என் மகள் பணத்துக்கு என்ன வழி?" என்றார். அதுதான் முறையான கேள்வி. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது; பத்து ரூபாய் செலவில், "என் மனு எந்த மேசையில், எத்தனை நாளாய், யாரால் நிற்கிறது?" என்று எழுதிக் கேட்கலாம், முப்பது நாளில் பதில் சொல்லவேண்டும். அந்தச் சட்டத்தின் கமிஷனர்களுடைய சம்பளத்தையும் பதவிக் காலத்தையும் 2019-ல் டில்லி சர்க்கார் தன் கையில் எடுத்துக்கொண்டது என்பதையும் அவரிடம் சொன்னேன். "அப்ப அதையும் புடுங்குறதுக்குள்ள எழுதிப் போட்டுருவோம்" என்றார்.

வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காலை அதே பெஞ்சியில் உட்கார்ந்து எழுதுவதாக ஏற்பாடு. வெள்ளைத்தாள் அவர் வாங்கி வருகின்றார். பத்து ரூபாய்க் கோர்ட்டு வில்லை என் பொறுப்பு. சித்தாள் தோழர்களில் ஒருவரும் தம் தாயாரின் பென்ஷன் சம்பந்தமாக வருவதாகச் சொல்லியிருக்கின்றார்.